எது மாதிரி கசக்குது?

பீர் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை, ஆள் போதவில்லை என்று ருசி பார்க்கும் குழுவில் சேர்த்தார்கள். எதைக் கொடுத்தாலும் அவர் வாயிலிருந்து "கசக்குது" என்ற ஒரே சொல்தான் வந்தது.

"கசப்புல எத்தனையோ இருக்கு சார். எது மாதிரி கசக்குதுன்னு சொல்லணும்," என்றார் குழுத்தலைவி.

வீட்டில் மனைவி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பீரைத் தொட்டுக்கூடப் பார்க்காத அவள்தான் கடைசியில் அவருக்கு வாத்தியார் ஆனாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்ணைத் துண்டால் கட்டி, ஆரஞ்சுத் தோல், கருகிய ரொட்டி, வெண்ணெய், ஈர அட்டை என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினாள். முதலில் எல்லாமே தப்பு. போகப்போக வாசனைகள் பிடிபட்டன.

ஒருநாள் குழுவில் ஒரு வாய் குடித்ததும், "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது," என்றார். மற்றவர்களும் மறுபடி முகர்ந்து தலையாட்டினார்கள்.

"ஆமா, காத்து பட்டுப் பழசாயிருக்கு. சரியாச் சொன்னீங்க!" என்றார் தலைவி.

அன்று மாலை அவர் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி காபியை நீட்டினாள்.

"எங்கே, இதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்."

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். "கசக்குது" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது; அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

"சூடா இருக்கு."

"பொழைக்கத் தெரிஞ்ச மனுஷன்தான்," என்று சிரித்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.