அந்த ஸ்லீப்பிங் பேக்குகளை அக்கா வாங்கவில்லை

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா முதலியார்பேட்டையில், பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். ஆலை மூடப்பட்ட வருஷம் அவர் பிளஸ் டூ முடித்திருந்தார். அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த மறு மாதமே, தட்டாஞ்சாவடியில் பையும் கூடாரமும் தைக்கும் ஒரு தொழிற்கூடத்தில் சேர்ந்தார். மிஷினில் தொடங்கி, தைத்த சரக்கைச் சோதித்து அனுப்பும் பொறுப்புக்கு உயர்ந்தார். நான் கல்லூரி வாசல் மிதித்தது அந்தச் சம்பளத்தில்தான். அத்தானை மணந்து, ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் பங்குக் கோயிலில், புயல் வெள்ளக் காலத்துக்கென்று முன்கூட்டியே பொருள்கள் சேர்த்துவைக்க ஒரு குழு அமைந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய, எல்லாரும் சொல்தா மாமா என்று அழைக்கும் ஒருவர் அதற்குத் தலைவர். விளக்கு, மருந்து, தார்ப்பாய், போர்வை என்று குடும்பத்துக்கு ஒரு மூட்டை. எந்தப் போர்வை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அக்காவுக்கும், வாங்கிவந்து அடுக்கும் பொறுப்பை எனக்கும் கொடுத்தார்கள்.

கடைகளில் கொடுத்த மாதிரிகளை எல்லாம் அக்கா மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, உதறிக் காயப்போட்டார். தடித்த பருத்திப் போர்வை மறுநாள் மாலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபிளீஸ் என்கிற மெல்லிய செயற்கை இழைப் போர்வை இரண்டு முறுக்கில் தண்ணீரைக் கக்கிவிட்டது. அதை ஈரத்தோடு போர்த்திக்கொண்டு மழைக்காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அத்தான் திட்டியும் எழுந்திருக்கவில்லை.

"நனைஞ்சாலும் குளுரு தாங்குதுடா. இதையே வாங்கு."

எனக்கு அது போதவில்லை. பிரான்சில் இருந்து இதற்குப் பணம் அனுப்பி உதவிய அன்பர்களுக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. சாதாரணப் போர்வையைப் படம் பிடித்து அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. உருளையாகச் சுருட்டிய ஸ்லீப்பிங் பேக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். அக்கா அதற்குள் படுத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துப் பார்த்தார். உள்துணியைக் கவ்விக்கொண்டு ஜிப் இரண்டு முறை நின்றது. வெளியே வந்து மடித்துக் கொடுத்துவிட்டார்.

"மலையேறுறவனுக்கு இது சரி. தண்ணி ஏறுற ஊருல மனுசன மூட்டையா கட்டி வெக்கலாமாடா? வேணாம்."

அக்கா மகளைப் பார்க்கக் காரைக்காலுக்குப் போயிருந்த வாரத்தில், இருபது ஸ்லீப்பிங் பேக்குகளை வாங்கிப் போர்வை மூட்டைகளோடு அடுக்கினேன். படம் எடுத்து அனுப்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் விடாமல் கொட்டி, மேலே ஏரிகள் நிரம்பி, ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் திரும்பியது. காலையில் வீராம்பட்டினத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்துவந்தோம். வலை பின்னும் பெரியவர் ஒருவருக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. அவரை ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவைத்து, கைகளை உள்ளே விட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றியது நான்தான். மற்றவர்கள் ஜிப் போடாமல் பைக்குள் காலை மட்டும் நுழைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மருந்துப் பெட்டியோடு அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். வரிசையாகக் கிடந்த பைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரையும் தெறந்து போட்டு போத்திக்க சொல்லு. சீக்கிரம்."

நான் முதல் ஆளிடம் போவதற்குள் பின்பக்கத்து மதில் சரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் மண்டபத்துக்குள் பாய்ந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேடைக்கு ஓடினார்கள். பெரியவரால் எழ முடியவில்லை. நான் ஜிப்பை இழுத்தேன். பாதி இறங்கித் துணியைக் கவ்வியது. இன்னும் வேகமாக இழுத்தேன், இறுகிப்போனது. தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டியது. பஞ்சு நனைந்து பை கல்லாகக் கனத்தது. தூக்கப் பார்த்தேன், நகரவில்லை. "கைய எடுக்க முடியலடா, கைய எடுக்க முடியலடா" என்று பெரியவர் கத்தினார். தண்ணீர் அவர் காதைத் தொட்டுவிட்டது.

அக்கா முழங்காலிட்டு அவர் தலையைத் தன் மடியில் ஏற்றிக்கொண்டார்.

"ஜிப்ப வுடுடா! பெட்டியில கத்திரி இருக்கு, எடு. அந்தப் பக்கத் தையல வெட்டு!"

கத்திரியை எடுத்து ஜிப்பின் ஓரத்திலேயே வெட்டப் போனேன். கத்திரியைப் பிடுங்கி, தோள் ஓரத்துத் தையலில் அக்காவே முனையைச் செருகினார். நான்கு விரற்கடை வெட்டிவிட்டு, "இப்ப ரெண்டு பக்கமும் புடிச்சி இழு" என்றார். இழுத்தேன். தோளிலிருந்து பாதம்வரை பை பிரிந்து திறந்தது. இருவருமாகப் பெரியவரை மேடைக்குத் தூக்கினோம். அக்கா ஃபிளீஸ் போர்வை ஒன்றைப் பிழிந்து உதறி, அவரைச் சுற்றிக் கட்டினார்.

மூச்சு திரும்பியதும் பெரியவருக்குக் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் கேட்டார்:

"யாரு வாங்குனது இத? சாவடிக்கவா வாங்குனீங்க?"

போர்வைக்குப் பொறுப்பு அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"எம்பொறுப்புதான் ஐயா. இனிமே இந்தப் பை வராது" என்றார் அக்கா. பெரியவர் நிறுத்தாமல் திட்டினார். கேட்கக் கூடாத சொற்களையும் அக்கா நின்று கேட்டார். நான் பக்கத்தில் ஈரத்தோடு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பொறுப்பை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் நான் இருந்தேன். உறவினர்களாகிய உங்களில் சிலர், "இத்தன வருஷம் பை தைச்சவளுக்கு இது தெரியலியா?" என்று பேசினீர்கள். அதுவும் அக்கா காதுக்கு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வந்து, தரையில் உட்கார்ந்து மூட்டை கட்டினார்.

பிறகு சிறுநீரகம் பழுதாகிப் படுத்தார். கடைசி வாரத்தில், மருத்துவமனைக் கட்டிலருகே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏங்கா அன்னிக்கு எம்பேர சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒன்ன ஒதுக்கி வெச்சிருப்பாங்க. ஒனக்கு அதெல்லாம் தாங்க வராதுடா. எனக்குப் பழக்கம்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். நாவை நனைக்கத்தான் அனுமதி இருந்தது.

நான்கு நாளில் போய்விட்டார்.

இரவும் பகலும் கூட இருந்த அத்தானுக்கும் மகளுக்கும், அக்காவின் கையைப் பிடித்துப் பேசிய செவிலியர்களுக்கும், சிகிச்சைக்கு வாரம் தவறாமல் அழைத்துப்போன பக்கத்து வீட்டு ஆட்டோத் தம்பிக்கும், செபம் சொன்ன பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அந்தப் பைகளை வாங்கியவன் நான். இதை அக்கா உயிரோடிருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் வீராம்பட்டினம் போய், அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"நீ எங்கிட்ட வந்து சொல்லிட்ட தம்பி. நான் அவ்ளோ பேரு நடுவுல ஒங்கக்காவ திட்டுனனே, அத எங்க போயி சொல்லுவேன்?"

நினைவுத் திருப்பலிக்கு அவரை அழைத்தேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்தால், எங்கள் குடும்பத்து வரிசையில் அவருக்கு இடம் விடுங்கள்.