முதல் பந்தி

வார நாளெல்லாம் ஸ்டூடியோ, சனி ஞாயிறு கல்யாணங்களில் பேண்டு வாசிப்பு. தூங்குவது எப்போது என்று கேட்டால் எனக்கே தெரியாது. சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் பாட ஆரம்பித்தால் நான் ஏர்கோனை நிறுத்த வேண்டும், அந்த இரைச்சலும் பதிவாகிவிடும். பாதி ஆயுள் வேர்த்து வழிந்தே போய்விட்டது. சனிக்கிழமை வந்தால் கீபோர்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெண்டாங், செர்டாங் என்று கல்யாண மண்டபங்களுக்கு ஓட்டம். அங்கே எங்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். கூட்டம் கலைந்து, ஒயரைச் சுருட்டி வைத்த பிறகு, ஆறிப்போன சோறும் அடியில் தங்கிய சாம்பாரும்.

"ரெண்டுல ஒன்ன விட்டுடுங்க லா. இடுப்பு வலிக்குதுன்னு நீங்க முனகுறத கேக்க முடியல" என்று மனைவி சொல்லாத வாரமில்லை. எதை விடுவது? சோறு போடுவது ஸ்டூடியோ. பேண்டை விட்டால் டிரம்ஸ் அடிக்கிற என் கூட்டாளி என்ன ஆவான்? இருவரும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற அவன் சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டுகிறான்.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மைனஸ் ஒன். பாட்டில் குரலை விட்டுவிட்டு இசையை மட்டும் பதிந்து கொடுப்பேன். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பாடகர் போய் முழுக் கல்யாணத்தையும் சமாளித்துவிடுவார். கம்ப்யூட்டர் டிரம்ஸ் சப்பென்று இருப்பதால் கூட்டாளியைத்தான் அடிக்கச் சொல்வேன். அவனும் ஷிப்ட் முடிந்து சந்தோஷமாக வந்து அடித்துவிட்டுப் போவான். எங்கள் பேண்டுக்கு நாங்களே உலை வைக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் எங்கள் பழைய எஸ்டேட் ஆள் ஒருவர் வீட்டுக் கல்யாணம். "பேண்டு வேணாம்ணே, பாட ஒருத்தர ஏற்பாடு பண்ணிட்டோம். நீங்க ரெண்டு பேரும் வந்து சாப்பிட்டுப் போங்க, அது போதும்" என்று கல்யாணப் பெண்ணின் தம்பி சொல்லிவிட்டார். இந்த வருஷம் கைவிட்டுப் போன கல்யாணங்களில் இதுவும் சேர்ந்தது.

கோயில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விருந்தாளிகளாக முதல் பந்தியில் உட்கார்ந்தோம். எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இலை போட்டார்கள். மேடையில் பாடகர் பென்டிரைவைச் செருகினார். இசை தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஸ்டூடியோவில் எடுத்தது. கூட்டாளியின் விரல்கள் இலையோரமாக மேசையைத் தட்டின. ஓர் அடிகூடப் பிசகவில்லை.

"மச்சான், இது நான் அடிச்சது லா."

"ஆமாண்டா."

"நல்லாத்தான் இருக்கு."

பேண்டை இதோடு நிறுத்திக்கொள்வோமா என்று அவனிடம் கேட்டுவிட வாயெடுத்தேன். அதற்குள் சோறு வந்துவிட்டது. சோற்றில் கை வைத்தவன் வெடுக்கென்று விரலை எடுத்தான்.

"கல்யாணச் சோறு சுடும்னு இன்னிக்குத்தான் தெரியுது மச்சான்."

சிரித்துக்கொண்டே விரலை ஊதினான். மேடையில் அவனுடைய டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை மறுபடி தாளம் போடவில்லை.