சஹனில் விழுங்கிய எலும்பு

ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நெஞ்சுக்கு நடுவில் குத்திக்கொண்டே இருந்தது. மனைவி ஜெஸீமா கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சலும் ஈக்கி," என்றாள்.

முந்தின நாள் மதுரங்குளியில் ஒரு கலியாணம். எங்கள் ஆட்களின் விருந்தில் சஹன் வைப்பார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவோம். மாட்டிறைச்சியோடு கூரான எலும்புத் துண்டு ஒன்று வாய்க்குள் வந்தது. நாக்குக்குத் தெரிந்தது. எல்லோரும் கை போடும் தட்டுக்கு முன்னால் வாய்க்குள் விரல் விட்டு எடுக்க வெட்கம். விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டது.

பக்கத்தில் இருந்த ஜெஸீமாவின் தம்பி ஸாதிக்கிடம் மெல்லச் சொன்னேன். "சோத்த உருட்டி முழுங்குங்க மச்சான், இறங்கிரும்," என்றான்.

உருட்டி உருட்டி விழுங்கினேன்.

"இவர் போற வேகத்துல எங்களுக்குத் தட்டுத்தான் மிஞ்சும்," என்று எதிரில் இருந்தவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர் தன் கழுத்திலிருந்து நெஞ்சுவரை விரலால் காட்டினார்.

"இதுக்குள்ள ரெண்டு குழாய். முன்னால மூச்சு, பின்னால சாப்பாடு. எலும்பு நிக்கிறது பின்னால. சோத்தால தள்ளினீங்களா?"

"ஓம்."

"தள்ளினதுல குழாய் ஓட்டையாப் போச்சு."

"ஆறுமா?"

"ஆறலாம். ஆறாட்டி நெஞ்சத் திறக்கணும். பிறகு வாயால சாப்பிடுவீங்களாண்டு இப்ப சொல்ல ஏலாது."

ஜெஸீமா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மயக்க மருந்து தந்து, அகநோக்கி (கமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டு எலும்பை எடுத்தார்கள். ஓட்டை தானாக ஆற வேண்டும். அதுவரை மூக்கு வழியாக இரைப்பைக்கு (சாப்பாடு போய்ச் சேரும் பை) ஒரு குழாய். அதில் பாலும் சூப்பும் ஊற்றினார்கள்.

பசி அடங்கியது. ஆனால் சாப்பிட்டதாக இல்லை. இரைப்பையும் குடலும் தங்கள் பாட்டில் வேலை செய்தன. மலமும் போனது. வாய் மட்டும் சும்மா கிடந்தது. நாக்கு வெள்ளை படர்ந்து காய்ந்தது.

எச்சிலையும் விழுங்கக் கூடாது. தாதி ஒரு கோப்பை தந்து, "துப்புங்க, வெட்கப்பட வாணாம்," என்றார். வாட்டு முழுக்கப் பார்க்கத் துப்பினேன்.

உங்களுக்கும் எலும்போ முள்ளோ சிக்கினால் சோறு, பாண், வாழைப்பழம் எதையும் மேலே விழுங்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சில நாள் கழித்து ஒரு மருந்தைக் குடிக்கத் தந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓட்டை இருந்தால் மருந்து வெளியே கசியும். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கசியல்ல. தண்ணி குடிக்கலாம்."

ஜெஸீமா கரண்டியால் தந்தாள். வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"முழுங்குங்களேன்," என்றாள்.

பயமாக இருந்தது. விழுங்கினேன். போனது.

இப்போது சோறும் சாப்பிடுகிறேன். குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ளுஹர் தொழுகைக்குப் பிறகு பகல் சாப்பாட்டுக்கு இருந்தால் பின்னேர அஸர் தொழுகை நெருங்கிவிடும்.

"பாங்கு சொல்லப் போறாங்க, இன்னும் முடியல்லயா?" என்பாள் ஜெஸீமா.

முன்பெல்லாம் தொண்டையைத் தாண்டியதும் சோறு என் கணக்கில் இல்லை. இப்போது ஒவ்வொரு வாயும் நெஞ்சைக் கடந்து இறங்குவது தெரிகிறது. அது போய்ச் சேரும்வரை அடுத்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.