ராத்தா பார்க்காத படங்கள்

மகனின் ஃபோனில் "வைரஸ்! உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று சிவப்பாக மின்னியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சின்ன வயதில், கிண்ணியா வீட்டில் உம்மா பூத்துணியால் மூடி வைத்த கம்ப்யூட்டரில், ஸ்பைவேரைக் கண்டுபிடித்து அழிக்கும் என்று இலவசமாகக் கிடைத்த மென்பொருளை இறக்கியவன் நான். மறுநாள், எனக்கு மூத்த ராத்தா அதன் முன்னால் கதிரையில் இருந்தபோது, அசிங்கப் படங்கள் தானாகத் திறந்தன.

"என்னத்தடி பாத்த நீ?" வாப்பா கத்தினார்.

"நான் ஒண்டும் பாக்கல்ல வாப்பா!"

அந்தச் சனியன் மென்பொருளையே வாப்பா சாட்சிக்கு ஓடவிட்டார். அது அசிங்கத் தளங்களாக நீளமாகப் பட்டியல் போட்டது. ராத்தாவின் கம்ப்யூட்டர் வகுப்பு அன்றோடு நின்றது.

அந்த மென்பொருள்தான் படங்களைத் திறந்த கள்ளன் என்று, கம்ப்யூட்டர் திருத்த வந்தவர் பிறகு சொன்னார். வாப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

"ஆருடா இத இறக்கினது?" என்று இப்போது மகனிடம் கத்தினேன்.

மகன் யோசிக்காமல் தன் தங்கச்சியைக் காட்டினான்.