வெளுத்த அருவி

தென்காசியில் பாதி வீடுகளில் சுவரில் ஒரு குற்றாலம் படம் தொங்கும். அருவி பால் மாதிரி வெளுத்திருக்கும், பாறை மை மாதிரிக் கறுத்திருக்கும். தண்ணீரின் நிஜ நிறத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தால் போதும், "என்ன பாய், சாக்கடை மாதிரி இருக்கு?" என்று என் போட்டோ ஸ்டுடியோவுக்கே வந்து நிற்பார்கள். எரிச்சலாக வரும். வெளுத்துத்தான் கொடுப்பேன், பிழைப்பு.

போன சாரல் சீசனில் ஒரு மத்தியானம். மனைவியும் மகளும் குற்றாலத்துக்குப் போயிருந்தார்கள். மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, கூடவே வாய்ஸ் மெசேஜில் பேசியிருந்தாள்.

"வாப்பா, அருவி பளீர்னு இருக்கு, என் மூஞ்சி கரிச்சட்டியா இருக்கு. சரி பண்ணி வைங்க. நாங்க குளிக்கப் போறோம்."

கழுதை. வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து, இருட்டு விலக நிழலைத் தூக்கினேன். சிரிப்பு தெரிந்தது. சுற்றியிருந்த பாறையை வழக்கம்போல் கறுப்பாகவே விட்டேன். என் மகள் படம்தானே, இந்த ஒன்றிலாவது தண்ணீர் தண்ணீராக இருக்கட்டும் என்று அருவியின் வெளிச்சத்தைக் குறைத்தேன். வெள்ளைக்குள்ளிருந்து தண்ணீர் இழை இழையாகப் பிரிந்தது. உச்சியில் மட்டும் பிரியவில்லை. அங்கே செம்மண் நிறம். இன்னும் குறைத்தேன். கலங்கல் தண்ணீர், அதோடு முறிந்த ஒரு கிளை.

மலைக்கு மேலே பேய்மழை. வெள்ளம் இறங்குகிறது.

மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கிறவள் போனைப் பைக்குள் போட்டிருப்பாள். அருவிப் பாதையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். அவரைக் கூப்பிட்டேன், எடுத்தார்.

"என்னவே பயப்படுதீரு? தண்ணி வெள்ளை வெளேர்னுதான் விழுது."

"அண்ணாச்சி, உங்க கண்ணு கூசுது, அதான் தெரியல! பொம்பளையள் பக்கம் ஓடுங்க, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

அவர் ஓடுவதும் கத்துவதும் கேட்டது. பிறகு விசில் சத்தம், அலறல். லைன் அறுந்தது. யா அல்லாஹ், அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிக் கடந்தேனோ.

மகள் கூப்பிட்டாள். அவள் அழுகைதான் முதலில் கேட்டது. இரண்டு பேரும் கரையேறியிருந்தார்கள். நானும் அழுதேன்.

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். வெளியூர்ப் பெண் ஒருத்தியைத் தேடுகிறார்களாம், மஞ்சள் சேலையாம். அவள் அருவிக்குள் போனதைப் பார்த்தவர் யாருமில்லையாம்.

போனை வைத்துவிட்டு மகளின் படத்தைத் திறந்தேன். கறுப்பாக விட்டிருந்த பாறையின் நிழலை மெல்லத் தூக்கினேன். மகளின் தோளுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மஞ்சள் சேலையில் ஒரு பெண் குளிக்கத் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

அதைப் போலீசுக்கு அனுப்பிவிட்டேன். மகள் இன்னும் அந்தப் படத்தைக் கேட்கிறாள். அந்தப் பெண் தெரியாதபடி பாறையை மறுபடி கறுப்பாக்கினால்தான் மகளுக்குக் கொடுக்க முடியும். எனக்குக் கை வரவில்லை.