சல்லியில் மட்டும் பெரிய மீன்

மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். எங்கள் சாப்பாட்டு மேசை துப்புரவாகக் கிடக்கிறது. முன்பெல்லாம் அவளுடைய மடிக்கணினியையும் மீனின் நீளம் அளக்கும், வாடை போகாத அளவுச்சட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டுத்தான் சோற்றை வைப்பேன்.

பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் அவள் நிலாவெளி, சல்லி, சாம்பல்தீவு ஆகிய மூன்று கரைகளிலும் பிடிபடும் சூடை மீனின் நீளத்தை ஒப்பிட்டாள். மூன்றும் ஒன்றல்ல என்றது முதல் புள்ளிவிவரச் சோதனை. எது வேறு என்று அது சொல்லாது. அடுத்த சோதனையில் கரைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டபோது சல்லி தனித்து நின்றது. அங்கே மீன் பெரிது.

நான் கணிதம் படிப்பிப்பவள், எதற்கும் பயப்படுகிறவளும்கூட.

"பரவல் மூண்டிலையும் ஒரே மாதிரியோ எண்டு பாத்தனியோ, மகள்?"

"பிறகு பாப்பம் அம்மா."

"அதைப் பாக்காமல் மற்றதை எப்பிடி நம்புறது?"

முகத்தைச் சுளித்தபடி வரைபடத்தைத் திறந்தாள். மற்ற இரு கரைகளிலும் சிறிதும் பெரிதுமாக மீன்கள் பரவியிருந்தன. சல்லியில் சின்ன மீனே இல்லை.

"நீங்கள் கேக்காமல் விட்டிருக்கலாம்" என்றாள். ஆய்வறிக்கையை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தது. மாரி தொடங்கினால் கரைவலை இழுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே இருவரும் சல்லிக்குப் போனோம். சின்ன மீன் ஏன் இல்லை என்று விசாரித்தபோது, அவளுக்கு மீன் கொடுத்த வலைக்காரர் ஒருவர் சிரித்தார்.

"கம்பசுக்குக் கொண்டுபோற பிள்ளைக்குப் பொடி மீனையோ குடுக்கிறது, ரீச்சர்? எங்கட கரைக்கு ஒரு மரியாதை இல்லையோ? நல்லதாப் பொறுக்கித்தான் குடுத்தனாங்கள்."

"இனிப் பொறுக்காதேங்கோ அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு அள்ளித் தாங்கோ" என்றாள் மகள்.

"அப்ப நிலாவெளியாரை வெல்ல ஏலாது, பிள்ளை."

மழை வருவதற்குள் பல காலைகள் அங்கே போனோம். ஒவ்வொரு வலையிலிருந்தும் கொஞ்சம் அள்ளி, அவள் அளந்து சொல்ல நான் எழுதினேன். ஈர மணலில் அவளோடு தோள் உரச அப்படி உட்கார்ந்திருக்க, பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.

இம்முறை பரவலைத்தான் முதலில் பார்த்தாள். மூன்றும் ஒத்திருந்தன. பிறகு சோதனையை ஓடவிட்டாள். கரைகளிடையே வேறுபாடு தெரியவில்லை. இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சல்லியைப் பற்றி எழுதிவைத்திருந்த பக்கங்களை அவள் ஒவ்வொன்றாக அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்குப் பாஸ் போடுவினமோ?"

"வித்தியாசம் இல்லையெண்டதும் ஒரு முடிவுதானே அம்மா. போடுவினம். சல்லியில போய் இதை ஆர் சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன்."