காது மட்டும் ஷார்ப்

கொடைக்கானல் பஜாரில் அலாவுதீன் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பனி பாய் ஸ்டுடியோ என்று கேட்டால் மருந்துக்கடையில் சில்லறைக்கு நிற்பவர்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அந்தப் பெயரைத் தனக்கு வைத்தவர் அலாவுதீனேதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மன்னவனூர் திருமலைச்சாமி தன் மகன் முகேஷுக்குக் கொடைக்கானல் மண்டபத்தில் கல்யாணம் வைத்தார். படம் அலாவுதீன். ஆல்பம் வந்தபோது புதுமருமகள் மகாதேவியின் முகம் பாதிப் படங்களில் மங்கலாக இருந்தது. தாலி ஏறுகிற படத்தில்கூடக் கண் தெரியவில்லை. ஆனால் ஜிமிக்கி மட்டும், தொங்கும் முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல, அத்தனை தெளிவு. "ஏன் பாய் இப்படி இருக்கு" என்று மகாதேவி கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "பனிம்மா." சொன்னது அவர் காதுக்கே நம்பும்படி இருந்ததால் கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

உள்ளுக்குள் அவர் லென்ஸ்மேல்தான் சந்தேகப்பட்டார். தன்மேல் சந்தேகப்படும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அதற்குப் பிறகு மதுரை பொன்னுச்சாமி கடையில் மூன்று லென்ஸ் வாங்கி மூன்றையும் ஃபோகஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். பொன்னுச்சாமி பொறுமைசாலி. மூன்றாவது தடவை மட்டும், "பாய், உங்க ஊர்க் குளிரு லென்ஸுக்கு ஒத்துக்கலயோ" என்று கேட்டார்.

இந்த நிலையில் திருமலைச்சாமி போன் செய்தார். மகாதேவி பெற்ற பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. "வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம் பாய். பனியெல்லாம் வராது." இது கேலியா, தகவலா என்று அலாவுதீனுக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அதே வீட்டாருக்கு இன்னொரு தடவை முகம் மங்கினால், கேமராவை விற்றுவிட்டுப் பொண்டாட்டி கடையில் சாக்லேட் பொட்டலம் கட்டப் போகவேண்டியதுதான்.

மன்னவனூர் வீட்டு அறை சின்னது, ஒரே ஜன்னல். பின்னால் நகர இடமில்லாததால் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் வேண்டும். இருட்டு என்பதால் வெளிச்சத்தை அள்ளுகிற பெரிய வாயும் வேண்டும். இருபத்துநாலு எம்எம், ஒன்று புள்ளி நாலு. நாலாவது லென்ஸ் வந்து சேர்ந்தது. சனிக்கிழமைவரை திருப்பி அனுப்பலாம். ஆனால் அப்படிப்பட்ட லென்ஸை முழுசாகத் திறந்துவைத்து முகத்துக்குக் கிட்டே போனால் தெளிவாக வரும் ஆழம் இரண்டு விரல் கனம்தான். அதற்கு முன்னாலும் மங்கல், பின்னாலும் மங்கல்.

அலாவுதீன் சோதனையில் இறங்கினார். பூம்பாறைப் பூண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கையால் மறைத்து ஃபோகஸைக் குலைத்துவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். பத்துக்குப் பத்து. பூண்டுத் தோலின் நரம்புகூட எழுந்து நின்றது. சுவரில் நாளிதழை விரித்து ஒட்டி எடுத்தார். நடுப்பக்கம் கத்திபோல இருந்தது. மூலையில் மணமகள் தேவை விளம்பரம் மட்டும் சற்றுக் குழைந்தது. மூலைதானே, மணமகள் எப்படியும் கிடைப்பாள் என்று அதை மன்னித்தார். இரண்டு நாள் ஆனபின் மனைவி சர்புன்னிசா வந்து, "குழம்புக்கு ஆகணுங்க" என்று பூண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு சர்புன்னிசாவையே உட்காரவைத்து, கேமராவைக் கையில் பிடித்துப் பத்துப் படம் எடுத்தார். மூன்று தேறியது. மற்ற ஏழிலும் கண் மங்கல், தோடு பளிச். அடுத்த நாளும் அப்படியே. பூண்டை இத்தனை மதிக்கிற லென்ஸுக்கு மனுஷ ஜாதியைக் கண்டால் ஆகவில்லை என்று முடிவுகட்டி மதுரைக்குப் போன் போட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்க" என்றார் பொன்னுச்சாமி. "ஆனா இந்தத் தடவ நீங்க படம் எடுக்கறத ஒரு வீடியோ பிடிச்சு அனுப்புங்க பாய். கம்பெனிக்கு நான் பதில் சொல்லணும்ல."

வெள்ளிக்கிழமை சர்புன்னிசா தன் சாக்லேட் கடையில் வேலைசெய்யும் அன்னக்கொடியை நாற்காலியில் உட்காரவைத்து, அலாவுதீன் அவளைப் படம் எடுப்பதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் பிடித்தாள். பிடித்ததை ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டிவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"லென்ஸு சும்மாதாங்க இருக்கு. நீங்கதான் போறீங்க."

போனில் ஒரு தடித்த ஆள் கேமராவைத் தூக்கி, பட்டனைப் பாதி அழுத்தி, 'ரெடி' என்றார். சொன்ன மாத்திரத்தில் தீனியைக் கண்ட கோழிபோல முன்னால் அரைச் சாண் குனிந்து, பட்டனை முழுசாக அழுத்தினார். அடுத்த படம், மறுபடி ரெடி, மறுபடி குனிவு. பத்துக்கு ஏழு.

அலாவுதீன் உட்கார்ந்துவிட்டார். பாதி அழுத்தும்போது லென்ஸ் கண்ணை ஒழுங்காகத்தான் பிடித்தது, பிடித்த இடத்திலேயே பூட்டிக்கொண்டும் நின்றது. அதற்குப்பிறகு இவர் அரைச் சாண் முன்னால் போனால் ஃபோகஸும் கூடவே போய்க் காதில் உட்காரும். முப்பது வருஷப் பழக்கம். பழைய லென்ஸ்களை ஃபிளாஷ் போட்டுச் சின்ன வாயில் வைத்து எடுத்ததால் ஆழம் நிறையக் கிடைத்தது, அவை பொறுத்துப்போயின. வாய் பெரிய லென்ஸ்கள் வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டன. பூண்டுக்கு மட்டும் பத்துக்குப் பத்து வந்த காரணமும் இப்போது விளங்கியது. ஸ்டாண்டில் இருந்த கேமரா குனியவில்லை, பூண்டிடம் யாரும் ரெடி சொல்வதுமில்லை.

திருப்பி அனுப்பிய மூன்று லென்ஸும் நினைவுக்கு வந்தன. மகாதேவியின் ஜிமிக்கியும் வந்தது. வெட்கத்தில் அவருக்கு அழுகை முட்டியது. அன்னக்கொடி பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

"காதுகுத்துக்குத்தான போறீங்க" என்றாள் சர்புன்னிசா. "காதுதான் நல்லா வருதே, விடுங்க."

சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி. லென்ஸைத் திருப்பி அனுப்பவில்லை. ரெடி சொல்லாமல் எடுத்துப் பார்த்தார். வாய் மூடியிருந்தது, உடம்பு குனிந்தது. முகத்தைத் துரத்திக்கொண்டே போகும் ஃபோகஸும் கேமராவில் உண்டு. ஆனால் காதுகுத்துக் கூட்டத்தில் அது எந்த அத்தையைத் துரத்திக்கொண்டு போகுமோ என்று பயம். கடைசியில் சர்புன்னிசாவே வழி சொன்னாள். "சொவத்துல முதுக ஒட்டி நில்லுங்க. முதுகு பிரிஞ்சா அமுக்காதீங்க, அம்புட்டுதான்."

மன்னவனூர் வீட்டில் அலாவுதீன் போனவுடன் பார்த்தது சுவரைத்தான். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பூண்டு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து முதுகை ஒட்டிக்கொண்டார். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை, கையில் வாழைப்பழத்தோடு. ஆசாரி ஊசியை எடுத்தார். அலாவுதீனின் உடம்பு முழுவதும் முன்னால் போகத் துடித்தது. போகவில்லை. குழந்தை வாயைத் திறந்த அந்த நொடியில் அழுத்தினார்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். இமை முடிகள் தனித்தனியாக இருந்தன. அதில் ஒன்றின் நுனியில் கண்ணீர் நின்றது. அப்போதுதான் மூச்சு விட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மகாதேவி படத்தைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு, பெரிதாக்கி இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குமேல் அலாவுதீனால் தாங்க முடியவில்லை.

"ஒங்க கல்யாணத்துல பனி இல்லம்மா. நான்தான் கெடுத்தேன்."

"தெரியுங்க பாய்" என்றாள் மகாதேவி. "மண்டபத்துக்குள்ள ஏது பனி?"

நாலு வருஷமாகத் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் காப்பாற்றி வந்தது மன்னவனூர் முழுக்கத் தெரிந்த கதையாக இருந்தது. பனி பாய் என்ற பெயரில் இருந்தது கேலி என்பதும் இப்போதுதான் உறைத்தது.

"தெரிஞ்சுமா என்னயக் கூப்ட்டீங்க?"

"பனின்னு சொன்னப்ப ஒங்க மொகத்தப் பாக்கச் சகிக்கலங்க. எங்க மாமனாருதான், மனுசன் நொந்துபோய்க் கெடக்காரு, அவரையே திரும்பக் கூப்புடுவோம்னாரு." உள்ளதையும் சேர்த்துச் சொன்னாள். "அதுபோக மன்னவனூருக்கு வேற யாருங்க வாரா?"

பிறகு முகேஷை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "எங்க ரெண்டு பேரயும் ஒண்ணு எடுங்க. கல்யாண ஆல்பத்துல மொதப் பக்கத்துல ஒட்டிக்கிறேன்."

அலாவுதீன் மறுபடி சுவரைத் தேடிப் போனார். முதுகை ஒட்டினார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. "என்ன பாய், ரெடி சொல்லலியா?" என்று முகேஷ் கேட்க, மகாதேவி சிரித்தாள். அப்போது அழுத்தினார்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கி நேரே சர்புன்னிசாவின் கடைக்கு வந்தார். வந்த வேகத்தில் கேமராவை எடுத்து, "படத்தப் பாக்குறியா?" என்றார்.

"படம் கெடக்கட்டும், முதுகக் காட்டுங்க."

திரும்பி நின்றார். கறுப்பு ஸ்வெட்டர், தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்று சொல்லி, சர்புன்னிசா கையால் அதைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.